சாமான் விலை என்று சொன்ன தங்கச்சி

இன்று நான் இருக்கும் நொய்கெல்ன் பகுதியில் உள்ள தமிழ்க் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். கடைக்கார அக்கா, பென்சில்வேனியாவில் இருக்கும் தன் தங்கச்சியோடு ஸ்பீக்கரில் கதைத்துக்கொண்டிருந்தார். கடை முழுக்கக் கேட்டது.

அது எந்தக் கட்சிப் பக்கமும் சாயக்கூடிய மாநிலம். கருத்துக்கணிப்புக்காரர்களின் அழைப்பு ஓய்வதே இல்லையாம்.

"இந்த ஜனாதிபதித் தேர்தலிலை உங்களுக்கு எது முக்கியம் எண்டு ஒருத்தி கேட்டவள். சாமான் விலை எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள் தங்கச்சி.

அக்காவின் கை தராசிலேயே நின்றது. "உன்ரை மனுசன்ரை விசா அலுவல் இன்னும் சரிவரேல்லை. நித்திரை இல்லை எண்டு என்னட்டை அழுகிறாய். அதைச் சொல்லேல்லையோ?"

"குடியேற்றம் எண்டு சொன்னால், வாற ஆக்களைத் துரத்தச் சொல்லுறன் எண்டு எழுதிப்போடுவினம். விளங்கப்படுத்த வெளிக்கிட்டால், வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம் எண்டு கேப்பினம்."

அக்கா தராசில் இருந்த முருங்கைக்காயை எடுத்துப் பையில் போட்டார்.

"அதுவும் சரிதான். அந்த நாளிலை ஊரிலை சென்றியிலை மறிச்சு, எங்கை போறியள் எண்டு ஆமி கேக்கேக்கையும், எங்கை போனாலும் நாங்கள் சந்தைக்குப் போறம் எண்டுதானே சொன்னனாங்கள்."

திரும்பும்போது பஸ்ஸில் செய்தி பார்த்தேன். அப்படி எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலங்களில் வாக்காளர்களின் முதல் கவலை விலைவாசிதான் என்று ஒரு நிபுணர் உறுதியாக விளக்கிக்கொண்டிருந்தார். இருக்கலாம். முருங்கைக்காயும் விலை கூடித்தான் இருக்கிறது. ஆனால் அவர்களில் எத்தனை பேர் சந்தைக்குப் போகிறோம் என்று சொல்லித் தப்பியவர்கள்?

எனக்கும் நான் வாழும் இந்த நாட்டில் வாக்கு இருக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால், எனக்கும் முருங்கைக்காய் விலைதான் வாயில் வரும் போலிருக்கிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள்? இங்கே கருத்துப் பகுதியில் எழுதப் பயமென்றால் சாமான் விலை என்றே எழுதுங்கள். எனக்கு விளங்கும்.