நமுத்துப்போன அட்டைகள்

1968 ஜூலையில் வேங்கடசுப்ரமணியனை மழை பாடாய்ப் படுத்தியது. கோட்டைப் பகுதியில் ஒரு துணி மில்லின் தலைமை அலுவலகத்தில் அவர் புரோகிராமர். எழுதிய புரோகிராமை வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டு கம்ப்யூட்டருக்குள் செலுத்த வேண்டும். ஈரக்காற்றில் உப்பிய அட்டைகள் பாதியில் சிக்கிக்கொண்டன. வாரத்துக்கு அரை மணிதான் மெஷின் கிடைக்கும். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

மாட்டுங்கா வீட்டில் அட்டைக்கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மனைவி ஷ்யாமளா ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"நமுத்துப் போயிருக்குன்னா. அப்பளம் இப்படி ஆனா லேசா அனல் காட்டி டின்ல அடைச்சு வெப்பேன். இதையும் குடுங்கோ."

"வரிசை மாறிடப்படாது."

"நம்பர்தான் போட்டிருக்கே. எனக்கு எண்ணத் தெரியாதா?"

இருநூறு அட்டைகளையும் அடுப்பருகே காயவைத்து, வரிசையாக பிஸ்கட் டின்னில் அடுக்கிக் கொடுத்தாள். மறுநாள் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் ஆபீஸ் போனார்.

மெஷின் கடைசி அட்டைவரை தடங்கலில்லாமல் படித்தது. படித்துவிட்டு, நாற்பத்தோராவது அட்டையில் பிழை என்று அச்சடித்தது. அவர் எழுதும்போதே ஒரு கமாவை விட்டிருந்தார்.

"க்யா ஹுவா, சாப்?" என்று கேட்டார் மெஷினை இயக்கும் ஆபரேட்டர் நாயக்.

"மிஸ்டேக் மேரா ஹை," என்று தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு அவர் சிரித்தார். மழையை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கமாவைப் போட முடியும். அந்த ஓர் அட்டையை மட்டும் புதிதாகத் துளைத்துச் சொருகினார்.

கிடங்கிலிருந்த நூல் வகைகளின் பட்டியல் மளமளவென்று அச்சாகி வந்தது. முதல் பக்கத்தை அவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.