வித்தைக்காரர் தந்த கைவிசேசம்

மார்க்கம் நகரில் எங்கள் சித்திரைப் புத்தாண்டு விழாவுக்கு வந்திருந்த ஸ்கொட்லாந்து வித்தைக்காரர் வயதானவர். கட்டம் போட்ட பாவாடை கட்டியிருந்தார். நாணயத்தை மறைக்குமுன் ஒவ்வொரு முறையும் அதை மெல்ல ஊதுவார்.

என் மாமியின் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மாமியின் உள்ளங்கையில் வைத்தார். மாமி அதைக் கண்ணில் ஒற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டார்.

"மாமி, அது அவரின்ரை வித்தைக் காசு. குடுங்கோ."

"வருசத்தண்டு பெரியவர் கையாலை தந்தது. கைவிசேசத்தைத் திருப்பிக் குடுக்கிறேல்லை."

நான் அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் மாமியை நோக்கித் தலை தாழ்த்தினார். பிறகு என் காதருகே, "அதற்கு இரண்டு பக்கமும் தலைதான். சொல்லிவிடாதீர்கள்," என்றார்.

அடுத்த மேசையில் சீட்டுகளை மட்டும் விரித்தார்.

நான் சொல்லவில்லை. வெள்ளிதோறும் மாமி அந்த நாணயத்தின் இரண்டு பக்கத்தையும் துலக்கிச் சாமியறையில் வைக்கிறார். இதுவரை என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.