நடாத பூண்டு

"இதை நீயாத்தான் போட்டியா? எந்தத் துண்டுச்சீட்டுல இருந்து வந்துச்சு?"

கொடைக்கானலில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு எழுதியபோது அறைக் கண்காணிப்பாளர் என்னிடம் கேட்டது இது. கழுத்தைச் சுற்றி மப்ளர். கண்ணாடியில் படியும் பனியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். துடைக்கும்போதும் பார்வை எங்கள் கைகளை விட்டு அகலாது.

எட்டின் அடுக்கு மூன்றை எட்டின் அடுக்கு இரண்டால் பெருக்கச் சொல்லியிருந்தார்கள். எட்டின் அடுக்கு ஐந்து என்று விடையை மட்டும் எழுதியிருந்தேன். தாள் அவர் கையில் இருந்தது; திருப்பித் தராவிட்டால் என் வருஷம் போய்விடும். எங்கள் வீட்டில் தேர்வு எழுதும் முதல் ஆள் நான். அழுது காட்ட மனமில்லை.

"சீட்டு இல்லீங்க சார். எட்டுப் பல்லு இருக்கிற பூண்டை நட்டா எட்டுப் பூண்டு. அதைப் பூரா திரும்ப நட்டா, போகத்துக்குப் போகம் எட்டு மடங்கு. மூணு போகமும் ரெண்டு போகமும் அஞ்சு போகந்தானுங்களே? அதான் கூட்டினேன்."

"அப்ப எட்டின் அடுக்கு பூஜ்ஜியம்?"

"இன்னும் நடாத பூண்டுங்க சார். ஒண்ணு."

"பூண்டு விக்க வந்தியா, பரீட்சை எழுத வந்தியா?" என்று தாளைத் திருப்பித் தந்தார். ஆனால் நாற்காலியை என் பெஞ்சருகே இழுத்துப் போட்டு, மணி அடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா, கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தாரா, இன்றும் எனக்குத் தெரியவில்லை. மீதிக் கணக்குகளுக்கு ஒரு வரி விடாமல் வழிமுறை எழுதினேன்.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பும் முடித்துவிட்டேன். கல்லூரி விண்ணப்பத்தில், விரும்பும் பாடம் என்ற இடத்தில் கணிதம் என்று எழுதி, இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.