தூபாவால் தாங்க முடியாத சத்தம்

குர்ஷித் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே மகளுக்காகத்தான். ஒன்பது வயது தூபாவுக்குப் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். கணவர் முக்தார் அகமது எத்தியோப்பியாவில் ஒரு தோல் ஆலையில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். பஸ் ஹாரனும் கூட்டமும் தூபாவுக்கு ஆகாது. அதனால் ஒரு பழைய காரை வாங்கி, வாரத்தில் மூன்று நாள் ஆம்பூரிலிருந்து வேலூரில் இருந்த பயிற்சி மையத்துக்கு குர்ஷித்தே மகளை அழைத்துப் போய் வந்தாள். ஒன்றரை வருடத்தில் தூபா, தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளர் படத்தை எடுத்துக் காட்டுகிற அளவுக்கு வந்திருந்தாள்.

ஜூன் மாதம் காரின் முன்பக்கம், இடது சக்கரத்தருகே சத்தம் ஆரம்பித்தது. வேகத்தடையில் ஏறினாலும் சரி, பள்ளத்தில் இறங்கினாலும் சரி, துரு ஏறிய கேட்டைத் திறப்பது போல ஒரு கிறீச். வேறு யாராக இருந்தாலும் அதோடு ஓட்டிப் பழகிவிடுவார்கள். தூபா தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அலறினாள்.

பைபாஸ் ஓரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஜான்சன் பார்த்துவிட்டு, லோயர் ஆர்ம் ரப்பர் போய்விட்டது என்றார். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கிற இரும்புக் கை அது. சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் இருக்கும். அதை மாற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் வண்டி அமைதியாக ஓடியது. மூன்றாம் நாள் மாதனூர் தாண்டும்போது அதே சத்தம், முன்னைவிட அதிகமாக வந்தது. தூபா ஜன்னல் கண்ணாடியில் தலையை மோதினாள். குர்ஷித் வழியிலேயே திரும்பிவிட்டாள்.

ஜான்சன் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து எல்லாப் பக்கமும் ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. ரப்பர் புதிது, அது கத்தாது, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். வேலூரில் இன்னொரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஷாக் அப்சார்பரையே மாற்றினார்கள். அங்கேயும் தூக்கி வைத்தால் சத்தம் இல்லை. ரோட்டில் இறக்கினால் இருந்தது. பாட்டு போட்டுக்கொண்டு ஓட்டுங்கள் மேடம் என்று அங்கிருந்தவர் சிரித்தார்.

அதற்குள் பயிற்சி இரண்டு முறை விட்டுப்போயிருந்தது. மூன்றாவது முறையும் வராவிட்டால் அந்த இடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மையத்தில் சொன்னார்கள். நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். குர்ஷித்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

மூன்றாவது முறை எப்படியாவது போய்விடுவது என்று கிளம்பினாள். காதில் வைத்த பஞ்சைத் தூபா பிடுங்கி எறிந்தாள். ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்ற இடத்தில் ஒரு வேகத்தடை. ஏறியதும் தூபா பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஓடும் வண்டியின் கதவைத் திறக்கப் பார்த்தாள். குர்ஷித் ஓரங்கட்டி நிறுத்தினாள். பின்னால் திரும்பி மகளின் கன்னத்தில் அறைந்தாள்.

தூபா அழவில்லை. அடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை குர்ஷித் ஒருநாளும் அடித்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் முக்தாருக்கு ஃபோன் செய்தாள். காரை விற்றுவிடு என்றார் அவர். விற்றுவிட்டு எதில் அழைத்துப் போவது என்று கேட்டாள். அறைந்ததை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் தூபா தூங்கிவிட்டாள். பக்கத்து வீட்டு அமிர்தவள்ளி ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்பவள். அன்று அவளுக்கு வார லீவு. குர்ஷித் அவளைத் துணைக்கு அழைத்தாள். ஒவ்வொரு ரப்பராகத் தண்ணீர் ஊற்றிப் பார், எது நனைந்ததும் சத்தம் நிற்கிறதோ அதில்தான் கோளாறு என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னதை குர்ஷித் பார்த்திருந்தாள். வண்டியைத் தூக்காமல் ஸ்டியரிங்கை மட்டும் முழுக்கத் திருப்பிவைத்துவிட்டு, சக்கரத்தருகே சாக்கு விரித்துப் படுத்தாள். அமிர்தவள்ளி இரண்டு கையாலும் பானட்டை அமுக்கினாள். அமுக்கும்போதெல்லாம் கிறீச்.

ஷாக் அப்சார்பரின் மேல் ரப்பரில் ஊற்றினாள், நிற்கவில்லை. பக்கத்திலிருந்த கம்பியின் ரப்பரில் ஊற்றியும் நிற்கவில்லை. கையை நீட்டி லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பரை நனைத்தாள்.

"அக்கா, நின்னுச்சா?"

"நின்னுச்சு குர்ஷித். இன்னொரு தடவ பாத்துடு."

காய விட்டார்கள், சத்தம் வந்தது. மறுபடி நனைத்தாள், நின்றது. நம்ப முடியாமல் நான்கு முறை செய்தாள். ஜான்சன் புதிதாகப் போட்ட அதே ரப்பர்.

மறுநாள் காலை தூபாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். ஜான்சன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

"புது ரப்பருதான்க்கா அது. அது இன்னா பண்ணும்?"

"ஜாக்கில தூக்குனா வராதுண்ணா. கீழ வெச்சே அமுக்குங்க, நான் ஊத்துறேன். இது ஒண்ணுதான் கேக்குறேன். என் பொண்ண அடிச்சிட்டேன் இதால."

ஜான்சன் வந்து பானட்டை அமுக்கினார். சத்தம் வந்தது. அவள் தண்ணீர் ஊற்றினாள், நின்றது. அவர் குனிந்து போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"சக்கரத்த தொங்க வுட்டே போல்ட்ட டைட் பண்ணிட்டேன்க்கா. தப்பு என்னுது."

தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் நின்று பாரம் இறங்கியதும் அது முறுக்கிக்கொண்டே இருக்கும். தூக்கினால் முறுக்கு விட்டுவிடும், சத்தமும் போய்விடும். ஜான்சன் வண்டியை, ஆள் இறங்கி வேலை பார்க்க வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்கவே கீழே இறங்கி போல்ட்டைத் தளர்த்தித் திரும்ப இறுக்கினார். இருபது நிமிட வேலை.

மாதனூர் வரை ஒரு வேகத்தடை விடாமல் குர்ஷித் ஏறி இறங்கினாள். சத்தமே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள்.

வேலூரில் தூபாவின் இடத்தை நாட்றம்பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். தூபாவின் முறை மறுபடி வர நான்கு மாதமாகும். குர்ஷித் பெயரைப் பதிவு செய்தாள். அந்த நான்கு மாதத்தைவிட அவளைக் கலங்கடித்தது வேறு. தூபா காரைப் பார்த்தாலே தரையில் உட்கார்ந்துகொண்டாள். தலைவாரக் கையைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தினமும் நான்கு மணிக்கு குர்ஷித் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு நாள் தூபா வாசலைத் தாண்டவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்து ஏறி, கதவோரமாக உட்கார்ந்தாள். குர்ஷித் திரும்பிப் பார்க்கவில்லை, சாவியையும் தொடவில்லை. கால்மணி நேரம் கழித்துத் தூபா தானாக இறங்கி வீட்டுக்குள் போனாள். அந்த வாரக் கடைசியில் இருவரும் காரில் தெருமுனை வரை போய் வந்தார்கள்.