தலையணைக்குள் தைத்தது

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். தொழிற்சாலை வேலை என் மனைவிக்கு. குவார்ட்டர்ஸும் அவள் பெயரில்தான். நான் ஒரு நாளிதழுக்கு அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை செய்தி சேகரிப்பவன். மிச்ச நேரத்தில் ஒரு வார இதழுக்குத் தொடர்கதை எழுதினேன். காலையில் மனைவி சாப்பாட்டுப் பையுடன் கிளம்ப, நான் லுங்கியோடு வாசலில் நின்று வழியனுப்புவதைப் பார்த்துக் குடியிருப்பே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எழுத்தாளன் என்று எனக்கு அப்போது தலைகால் புரியாத பெருமை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு முதலாளியின் ஆட்கள் என் சைக்கிளை மறித்து மிரட்டியபோதுகூட நான் பெரிதாகப் பயந்ததில்லை. பயம் என் சொந்தக் கதையிலிருந்து வந்தது.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் கார்பன் வைத்து எழுதுவேன். சனிக்கிழமை மூலத்தை எலக்ட்ரிக் ட்ரெயினில் கொண்டுபோய்ப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, நகலை வீட்டில் வைத்துக்கொள்வேன். இதழ் வியாழக்கிழமை கடைக்கு வரும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி அந்த வார நகலைப் படித்துக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தத் தலையணை விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கதையில் வரும் பெண், வேலைக்கு வேண்டிய மதிப்பெண் சான்றான தன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புருஷனுக்குத் தெரியாமல் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிடுகிறாள். எழுதி முடித்ததும் என் கற்பனையை நானே மெச்சிக்கொண்ட இடம் அது.

"தோணுச்சு, எழுதினேன்" என்றேன்.

"தோணல. மாடி வீட்டுக்காரி என்கிட்ட சொன்னது. நான்தான் உங்ககிட்ட சொன்னேன், போன வருஷம். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு சேர்த்துத்தான் சொன்னேன்."

சத்தியமாக மறந்துபோயிருந்தது. கேட்டது எது, நானே யோசித்தது எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதுதான் என் பிழைப்பு. ஆனால் எங்களுக்கு நேர் மேலே குடியிருந்த அந்தப் பெண்ணின் கதி நினைவுக்கு வந்தது. அவள் எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, என்றாவது வேலைக்குக் கார்டு வரும் என்று காத்திருந்தாள். அவள் புருஷன் என் மனைவியோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெண்டாட்டி வேலைக்குப் போவதாகப் பேச்செடுத்தால் கைநீட்டுவார். அந்தப் புத்தகத்தைக் கண்ணில் கண்டால் கொளுத்திவிடுவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார். அதையெல்லாம்விட மோசம், அவர் என் வாசகர். வியாழன்தோறும் ஸ்டேஷன் கடையில் இதழ் வாங்கி வந்து, காப்பி குடித்ததும் என் தொடரைப் பெண்டாட்டிக்குச் சத்தமாகப் படித்துக்காட்டுவார். கீழே உட்கார்ந்து அதைக் கேட்டு நான் எத்தனையோ நாள் பூரித்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் பத்திரிகை அலுவலகத்துக்கு ஓடினேன். அச்சுக்கூடத்துப் பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாரம் எல்லாம் அச்சு ஓடிப் போச்சே நைனா. புஸ்தகம் கட்டு கட்டிகினு கீறாங்க. இப்ப வந்து மாத்துன்னா இன்னா பண்றது?" பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. என் வார்த்தைகளைத் திரும்ப வாங்க வழியில்லை என்று அங்கேதான் உறைத்தது.

நான் திரும்புவதற்குள் மனைவி லீவு போட்டுவிட்டு, மேலே போய் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அரை மணி நேரத்தில் அந்தப் பெண் துவைத்த துணி மூட்டைக்குள் புத்தகத்தை மறைத்து எடுத்து வந்தாளாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "பத்திரமா வெச்சிருங்கக்கா, நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். தலையணையைப் பிரித்த இடத்தில் திரும்பத் தைத்துவிட்டதாகவும் வெள்ளை நூல் இல்லாததால் கறுப்பு நூலில் தைத்ததாகவும் சொன்னாளாம். அந்தக் கறுப்பு நூல் என் மனைவியைத் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல மேலே அவர் குரல் கேட்டது. நாங்கள் இருவரும் விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். வாக்கியம் வாக்கியமாக என் எழுத்து தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. தலையணை வரும் பத்தியில் குரல் நின்றது. பிறகு துணி கிழியும் சத்தம். அதற்கப்புறம் அவள் ஒரே ஒரு தடவை கத்தினாள்.

மனைவி எழுந்து கதவுக்குப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். நாம் போனால் புத்தகம் இங்கே இருப்பது தெரிந்துவிடும் என்று சொன்னேன். அது உண்மைதான். நான் நடுங்கிக்கொண்டிருந்ததும் உண்மைதான்.

பத்து நிமிடத்தில் அவரே இறங்கி வந்தார். கையில் இதழ். மீசையிலும் சட்டையிலும் இலவம்பஞ்சு.

"ஒரு சின்ன சந்தேகம் சார்" என்றார், மிக மரியாதையாக. "அந்தப் பொம்பள அடுத்த வாரம் புத்தகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறா?"

அவர் இறங்கும் சத்தம் கேட்டு நான் அடுத்த அத்தியாயத்தை எழுதுவதுபோல் உட்கார்ந்துவிட்டேன். எழுதும் அட்டைக்கும் காகிதங்களுக்கும் நடுவில்தான் அந்தப் புத்தகம் இருந்தது. என் முழங்கை அதன்மேல்.

"எங்கயும் வைக்கல சார். எரிச்சிடுறா."

"யாரு, அவளேவா?"

"அவளேதான். குடும்பம்தான் முக்கியம்னு."

அவர் சிரித்தார். "நல்லா எழுதுங்க சார். நான் படிச்சுக் காட்டுறேன் அவளுக்கு."

சொல்லிவிட்டால் எழுதியாக வேண்டும். வேறு மாதிரி எழுதினால் அவர் மறுபடி இறங்கி வருவார். அந்தப் பெண் அடுப்படியில் உட்கார்ந்து தன் புத்தகத்தை ஏடு ஏடாக எரிப்பதாக எழுதிக் கொடுத்தேன். ஓவியர் தீயைப் பிரமாதமாகப் போட்டிருந்தார். கோழை, ஆணாதிக்கவாதி என்று வாசகிகள் திட்டி எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. ஒரு கடிதத்துக்கும் என்னால் பதில் எழுத முடியவில்லை.

அந்த அத்தியாயம் வெளிவரும் வரை, வாரம் முழுக்க மேல் வீட்டுக் கதவு பூட்டியே கிடந்தது. அவர் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். மனைவி இரண்டு முறை மாடி ஏறிக் கதவைத் தட்டினாள், பதில் இல்லை. வியாழக்கிழமை மேலே அவர் படித்தார், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, நிறுத்தி நிதானமாக. அவள் குரல் கேட்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை ஊருக்கு அழைத்துப் போனார். மாதம் முடிவதற்குள், முன்பே கேட்டிருந்த மாற்றல் கிடைத்து வடக்கே எங்கோ ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவள் அப்பாவின் விலாசம் இருந்தது. 'உன் பொருள் பத்திரமாக இருக்கிறது' என்று மட்டும் மனைவி ஒரு கார்டு போட்டாள். விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஏழு நாவல்கள் எழுதிவிட்டேன். ஆவடியை விட்டு மேனாம்பேட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோதும் புத்தகம் எங்களோடு வந்தது. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவள் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று மனைவி எப்போதாவது கேட்பாள். பயந்திருப்பாள் என்று சொல்லி மழுப்புவேன்.

என் பயம் வேறு. தலையணைக்குள் இருக்கிறது என்று எழுதினேன். அது உண்மையாக இருந்தது. எரித்துவிட்டாள் என்று எழுதினேன். பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டவள், தன் புத்தகத்தை நாங்கள் எரித்துவிட்டோம் என்று அதையும் உண்மையாகத்தான் நினைத்திருப்பாள்.