காணிக்கைக் கவரில் எழுதிய பழி

திற்பரப்புப் பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையிலிருந்து விமானம் ஓட்டக் கற்கப் போன முதல் பெண் ஜெனிலா. அப்பா ஜான்ரோஸ் வளைகுடாவில் வெல்டிங் செய்து சேர்த்ததையெல்லாம் அந்தப் படிப்பில் போட்டார். போன மாதம் அவள் தோளில் கட்டோடு ஊர் வந்தாள். "பொட்டப்பிள்ளைக்கு இது தேவையா?" என்று கேட்கவே சிலர் வீடு தேடிப் போனார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பயிற்சிப் பள்ளியில் விமானங்கள் மழையில் வெளியேதான் நிற்கும். எரிபொருள் டேங்க் மூடியின் ரப்பர் நைந்துவிட்டது என்று அவள் பலமுறை சொல்லியும் மாற்றவில்லை. அன்று காலை எரிபொருளை வடித்துப் பார்த்தபோது தண்ணீர் வந்தது. பயிற்சியாளர் சிவபிரசாத்திடம் காட்டினாள். அவர் இன்னும் கொஞ்சம் வடித்துவிட்டு, இனி ஒன்றுமில்லை, கிளம்பு என்று தனியாக அனுப்பினார்.

டேங்கின் மூலையில் ஒதுங்கிக் கிடந்த தண்ணீர், விமானம் மூக்கைத் தூக்கியதும் என்ஜினுக்குப் போனது. நாலைந்து தென்னை உயரத்தில் என்ஜின் நின்றது. அந்த உயரத்தில் ஓடுபாதைக்குத் திரும்ப முயன்றவர்கள் வேகம் இழந்து விழுந்து செத்திருக்கிறார்கள். அவள் திரும்பவில்லை. எதிரே இருந்த சோளக்காட்டில் நேராக இறக்கி, தோளில் அடிபட்டதோடு தப்பினாள்.

பள்ளி என்ன சொன்னது தெரியுமா? மாணவியின் கவனக்குறைவாம்! ஒப்புக்கொண்டால் படிப்பைத் தொடரலாம், இல்லாவிட்டால் வெளியே போகலாம். இதெல்லாம் ஒரு நியாயமா?

"ஒத்துக்கிடு மக்கா, திரும்பப் பறக்கலாம்லா" என்று கெஞ்சினார் ஜான்ரோஸ். அவள் மசியவில்லை.

எங்கள் சபையில், நன்றி சொல்லிப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் காரணம் எழுதுவோம். ஐயர், அதாவது எங்கள் போதகர், ஆராதனையில் அதை எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். கோயிலில் வாசித்துவிட்டால் மகள் மறுக்க மாட்டாள் என்று ஜான்ரோஸ் நினைத்துவிட்டார்.

"மகள் ஜெனிலாவின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தில் உயிர்காத்த கிருபைக்காக, ஜான்ரோஸ், லீலாபாய்" என்று ஐயர் வாசித்தார்.

ஜெனிலா எழுந்துவிட்டாள். "அது பொய் ஐயரே. தண்ணி இருக்குன்னு காட்டினது நான். போன்னு அனுப்பினது சிவபிரசாத் சாரு."

"இரி மக்கா, ஆராதனை நடக்குல்லா" என்று ஜான்ரோஸ் பதறினார்.

"மத்த விமானமெல்லாம் இப்பவும் மழையிலதான் நிக்குது அப்பா. எனக்க தப்புன்னு ஒத்துக்கிட்டா அந்த மூடிய எவன் மாத்துவான்? அடுத்தால ஏறுற பிள்ள சாவணுமா?"

அம்மா லீலாபாய் முன்னே போய் ஐயரிடமிருந்து கவரை வாங்கினாள். நேரே வந்து கணவரின் மடியில் போட்டாள்.

"திருத்தி எழுதுங்க. இல்லன்னா எனக்க பேர வெட்டிட்டுப் போடுங்க."