பச்சை வளையம் ஆண், சிவப்பு வளையம் பெண்

குருவி விற்பது பெரிய காரியமில்லை. எந்தக் குருவியோடு எந்தக் குருவியை ஒரே கூண்டில் விடலாம் என்று சொல்வதுதான் தொழில். இதற்குக் கல்யாணத் தரகர் பாடே தேவலை. மாப்பிள்ளைக்கு மண்டையில் முடி போய்விட்டது என்று யாரும் ஒரே வாரத்தில் அவரை அட்டைப்பெட்டியில் போட்டுத் தரகரிடம் திருப்பிக் கொண்டுவருவதில்லை.

ஃபின்ச் என்கிற சின்னக் குருவி வளர்த்து, காலையில் எழுந்ததும் கூண்டுக்கடியில் கிடக்கும் இறகுகளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடை அது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு முடுக்குச் சந்தில் என் அண்ணன் சாம் குருவிக்கடை போட்டிருந்தான். பாட்டுக்குக் கடகடக்கும் ஒரு மேசை விசிறி, தினைச் சாக்கு நாலு, சுவர் முழுக்கக் கூண்டு. வீட்டில் இருந்தால் பாத்திரம் விளக்கச் சொல்வார்கள் என்று நானும் கடைக்குப் போய்விடுவேன்.

அப்பாவுக்கு இந்தக் கடையே பிடிக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கிளார்க். கூடங்குளத்தில் ஒரு காண்டிராக்டரிடம் அண்ணனுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: "பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள ஒரு ஆளாவது என் ஆபீசுக்கு வந்து, 'உங்க மவன் ஏமாத்திட்டான்'னு சொல்லட்டும். அன்னைக்கே ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு நீ கூடங்குளத்துக்குப் பஸ் ஏறணும்."

எனக்கோ எந்தக் குரல் காதில் விழுந்தாலும் அது தொண்டையில் வந்து உட்கார்ந்துவிடும். அப்பாவின் இருமல், மீன்காரர் கூவல், மினி பஸ் கண்டக்டர் விசில், எல்லாம். மத்தியானம் அண்ணன் கண்ணயரும்போது ஷட்டருக்கு வெளியே நின்று, அப்பா மாதிரி ஒரு செருமல் செருமி, "ஏலே சாம்!" என்பேன். எழுந்து நின்றே விடுவான். ஒரு நாள் தினை டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்தான். "ஏட்டி, ஒரு நாள் நெசமாவே அப்பா வந்து நிப்பாவ, நான் நீதாம்னு நெனைச்சு ஏதாவது சொல்லிருவேன், பாத்துக்கோ."

பேரை நம்பினவர்

சாத்தான்குளத்தில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். பேத்திக்கு நாலு ஃபின்ச் வேண்டும் என்றார். கூடவே, "வீட்ல ரெண்டு லவ் பேர்ட்ஸ் கெடக்கு, அதுக்கூடயே விட்டிருதேன். கூண்டு பெருசு தம்பி," என்றார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். லவ் பேர்ட்ஸின் அலகு கொறடு மாதிரி, ஃபின்ச்சின் கால் தென்னை ஈர்க்கு மாதிரி, ஒரே கடியில் காரியம் முடிந்துவிடும் என்றான். அண்ணாச்சி சிரித்தார். "லவ் பேர்ட்ஸ்னு பேரு வச்சிருக்கான், அது எப்பிடி வே கடிக்கும்?"

தனிக் கூண்டு என்றால்தான் தருவேன் என்றான் அண்ணன். சரி சரி என்று வாங்கிப் போனார். நாலாம் நாள் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு ஃபின்ச்சைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். அண்ணன் மருந்து தடவி, அதைத் தனியாக வைத்துக்கொண்டு, வேறு ஒன்று கொடுத்தான். அண்ணாச்சிக்குத்தான் தாங்கவில்லை. "பேரை நம்பி மோசம் போயிட்டேன் தம்பி. என் மச்சினன் பேரு சாந்தப்பன். அப்பவே யோசிச்சிருக்கணும்."

மூணு பேர்

கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு வைத்திருப்பது ஜீப்ரா ஃபின்ச்சில் ஆண். பெண்ணுக்குப் பொட்டில்லை. தையற்கடை வைத்திருந்த ஒரு அக்கா, "பொட்டு வச்சதுல ரெண்டு, வைக்காததுல ஒண்ணு," என்று கேட்டாள். அண்ணன், "ரெண்டு சோடியா எடுங்கக்கா, இல்லேன்னா ரெண்டு ஆணை மட்டும் கொண்டுபோங்க. ரெண்டு ஆணுக்கு நடுவுல ஒரு பொண்ணுன்னா ஒண்ணு மொட்டையாகும்," என்றான். அக்கா கேட்கவில்லை. நான் பின்னால் நின்று பொம்மைக் கார் ஹாரன் மாதிரி 'மீப் மீப்' என்று ஜீப்ரா குரலில் சம்மதம் சொன்னேன். அக்கா, "பாத்தியா, அதுவே சரிங்கு," என்று எடுத்துப் போய்விட்டாள்.

எட்டாம் நாள் திரும்பி வந்தாள். ஒரு ஆணுக்கு உச்சந்தலையில் ஒரு இறகுகூட இல்லை. இன்னொரு பெண்ணைக் கொடுத்து ரெண்டு ஜோடியாக்கி, கூண்டுக்குள் ரெண்டு மூலையில் முட்டையிட ரெண்டு கலயம் கட்டச் சொன்னான் அண்ணன். அக்கா கிளம்பாமல் நின்றாள். வீட்டில் அதற்குள் வேறு சண்டை. "எங்க வீட்டுக்காரவ கூண்டைப் பாத்துட்டு, 'நமக்கு நடுவுல எங்கம்மா இருக்காப்பல இருக்குட்டி'ன்னாவ. எங்க அத்தை அங்கனதான் நின்னாவ. ரெண்டு நாளா வீட்ல உலை வைக்கல தம்பி, சீக்கிரம் மாத்திக் குடு."

பாட்டுக் கேட்டு வளையம்

இனிமேல்தான் என் பாவம் வருகிறது.

பெங்காலீஸ் என்று ஒரு ஃபின்ச் உண்டு. பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும், பரம சாது. யாரோடு விட்டாலும் ஒத்துப்போகும். ஆனால் ஆணும் பெண்ணும் அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும். பொட்டும் கிடையாது, பூவும் கிடையாது. ஆண் பாடும், பெண் பாடாது. அவ்வளவுதான் அடையாளம். அண்ணன் ஒவ்வொன்றாகச் சின்னக் கூண்டில் விட்டு, மேலே துணி போட்டு, தள்ளி உட்கார்ந்து காதைத் தீட்டுவான். பாடினால் காலில் பச்சை வளையம். கால் மணி நேரம் பாடாவிட்டால் வேறொரு நாள் மறுபடி கேட்பான்; மூன்று தரம் கேட்டும் பாடாவிட்டால்தான் சிவப்பு வளையம். பொறுமையில் அவனை அடிக்க ஆளில்லை.

அன்றைக்கு நான் தினைச் சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பெங்காலீஸ் பாட்டு, எண்ணெய் காணாத தையல் மிஷினைப் பைய மிதித்தாற்போல இருக்கும். கூண்டில் இருந்தது மூன்றாம் தரமும் வாயைத் திறக்காத ஒன்று. நான் நாக்கை மடித்துப் பாடிவிட்டேன். அண்ணன் முகம் மலர்ந்தது. பச்சை வளையம் மாட்டினான். மத்தியானம் சாப்பிடும்போது சொல்லி, அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று சிரிப்பை அடக்கி வைத்திருந்தேன். அதற்குள், புன்னக்காயலிலிருந்து கணவாய் மீன் ஓடு பார்சல் வந்திருக்கிறது, எடுத்து வா என்று பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டான். குருவிகள் அலகு தீட்டக் கூண்டில் கட்டும் ஓடு அது. நான் திரும்பி வந்தபோது பச்சை வளையக்காரியைக் காணோம். ஒரு சிவப்பு வளையத்தோடு ஜோடி சேர்ந்து போய்விட்டாள். போனது ரூபி டீச்சர் வீட்டுக்கு. எங்கள் அப்பா வேலை பார்க்கும் அதே பள்ளிக்கூடத்தில் அவர் அறிவியல் டீச்சர். அவர் மேசைக்கும் அப்பா மேசைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அண்ணன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. "ஏட்டி, நம்ம கடையிலயே நல்லாப் பாடுத ஆணாப் பாத்துக் குடுத்திருக்கேன். டீச்சரே அப்பாட்ட போயி சொல்லுவாவ பாரு."

பதினோரு முட்டை

அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் சொல்ல வாயைத் திறப்பேன், அண்ணன் கூண்டு துடைத்துக்கொண்டே ஏதாவது பாடுவான், மூடிக்கொள்வேன். மூன்று வாரம் போயிற்று. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. ரூபி டீச்சர் கடைக்குள் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். "சாம்! பதினோரு முட்டை போட்டிருக்கு! ரெண்டும் சேந்து உக்காந்து அடைகாக்குது. உங்கப்பாட்ட சொல்லிட்டேன். குஞ்சு பொரிச்சதும் வகுப்புக்குக் கொண்டுபோயி பிள்ளேளுக்குக் காட்டப்போறேன்!" வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

அண்ணன் தினை அள்ளின கையோடு நின்றான். ஒரு பெண் குருவி ஐந்து முட்டை போடும், மிஞ்சினால் ஏழு. பதினொன்று என்றால் ரெண்டு பெண் மாறி மாறிப் போட்டிருக்கிறது. ஒன்றுகூடப் பொரிக்காது. மெதுவாகத் திரும்பித் தினைச் சாக்கைப் பார்த்தான்; பிறகு என்னைப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "ஜீப்ரா முட்டை நாலஞ்சு நம்மகிட்ட இருக்குல்லாண்ணே, தெரியாம மாத்தி வச்சிருவோமா?" என்றேன். கையை உதறிவிட்டுச் சட்டையை மாட்டினான். "கூடங்குளம்னா கூடங்குளம். அதுக்காவ டீச்சரை ரெண்டாம் மட்டமும் ஏமாத்த முடியாதுட்டி. நட."

டீச்சர் வைத்த பரீட்சை

சமாதானபுரத்தில் டீச்சர் வீட்டு ஜன்னலோரம் கூண்டு. கலயத்துக்குள் ரெண்டு தலைகள், பச்சையும் சிவப்பும் ஒட்டி உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. அண்ணன் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "டீச்சர், அது பாடல. நாந்தான் பாடுனேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "எங்க, பாடு பாப்போம்," என்றார். பாடினேன். தையல் மிஷின் அன்றைக்கு ரொம்பவே கரகரத்தது. கலயத்திலிருந்து ரெண்டு தலைகளும் வெளியே நீண்டன. பச்சை வளையக்காரி எழுந்து கம்பிப் பக்கம் வந்து, கழுத்தைச் சாய்த்து என்னையே பார்த்தாள். அண்ணன் போன் டார்ச்சில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துக் காட்டினான். உள்ளே குஞ்சு உருவான அடையாளமாக ஒரு சிவப்பு நரம்புகூட இல்லை, எல்லாம் வெறும் வெளிச்சம். ஆணைக் கொண்டுவந்து மாற்றித் தருகிறேன் என்றான். ஒன்றை எடுத்தால் இன்னொன்று ஏங்கிப்போகுமே என்றார் டீச்சர். பெங்காலீஸ் வேறு குருவி முட்டையையும் அடைகாத்து வளர்க்கும் என்று அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். டீச்சர் நிமிர்ந்தார். "அதை மொதல்லயே சொல்லுததுக்கென்ன? போயி ஜீப்ரா முட்டையைக் கொண்டா. பிள்ளேளுக்கு நான் இதையேதான் காட்டப்போறேன். ஆனா சாம், உங்கப்பாட்ட நடந்ததைச் சொல்லாம இருக்கமாட்டேன், பொய் எனக்கு வராது."

ஷட்டர்

பள்ளிக்கூடம் திறந்த அன்று சாரல் காற்று வீசியது. டீச்சர் வீட்டில் கொண்டுவைத்த ஐந்து ஜீப்ரா முட்டையில் மூன்று பொரித்துவிட்டன என்று காலையிலேயே சேதி வந்தது. இருந்தாலும் அண்ணன் சட்டைகளைப் பையில் அடுக்கி, பையைக் கடைக்கே கொண்டுவந்து வைத்திருந்தான். சாயங்காலம் நான் உள்ளே கூண்டுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு செருமல். "ஏலே சாம்!"

அண்ணன் தலையைக்கூடத் தூக்கவில்லை. "செத்த சும்மா கெட சனியனே, நீ பாடினது போதாதா?" என்றான்.

அப்பா குனிந்து உள்ளே வந்தார். அண்ணன் எழுந்த வேகத்தில் தினை டப்பா மறுபடியும் தலையில். அப்பா கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அண்ணனுடைய பையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். டீச்சர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஷட்டர் பக்கம் திரும்பினார். அதை இழுக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் பெங்காலீஸ் கூண்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "'உங்க மவன் ஏமாத்திட்டான்'னு யாராவது வந்து சொன்னா பூட்டுவேம்னுதான் சொன்னேன். மவளைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே. பையை வீட்டுக்குக் கொண்டுபோ லே."

இப்போது நான் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறேன். கடை ரெண்டு ஷட்டர் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் போட்டால் முதலில் குருவிகள் பேசும், அப்புறம்தான் அவன் பேசுவான். தினை வாசனை மட்டும் போனில் வராது. ஆகவே, சக பாடுபட்டவர்களே, ஒத்துப்போகிற ஜோடி வேண்டுமென்றால் அலகு பாருங்கள், பொட்டு பாருங்கள், பாட்டும் கேளுங்கள், ஆனால் அதற்கு முன்னால் தினைச் சாக்குக்குப் பின்னால் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிடுங்கள்.